மூன்றாவது விளக்கு வேண்டாம், இரண்டாவதையும் அணையுங்கள்: வீட்டில் ஸ்டில் லைஃப் எடுக்கும் தம்பிக்கு

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் பழைய கேமரா ஒன்றும் 50 மி.மீ. லென்ஸும் இருக்கின்றன. வீட்டிலுள்ள வெண்கலக் கிண்டி (மூக்கு வைத்த நீர்ப்பாத்திரம்), மண்குடம், முதலமடை மாம்பழம், நுங்கு என்று ஒவ்வொன்றாக மேசையில் வைத்து ஸ்டில் லைஃப், அதாவது அசையாப் பொருள் படம், எடுத்துப் பார்க்கிறார். இரண்டு எல்ஈடி விளக்கு வாங்கி இரு பக்கமும் வைத்தும் படம் கடை நோட்டீஸ் மாதிரி சப்பையாக வருகிறதாம். "மூன்றாவதாக எந்த விளக்கு வாங்கலாம் அண்ணா, வெளிச்சத்தை வைத்து வேறு என்னவெல்லாம் செய்து பார்க்கலாம்?" என்பது கேள்வி.

தம்பி, மூன்றாவது விளக்கு வேண்டாம். இருக்கிற இரண்டில் ஒன்றை அணைத்துவிட்டு மேலே படியுங்கள்.

உங்கள் மேசையில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. நிழலுக்குத்தான் இடமில்லாமல் போயிருக்கிறது. இடப்பக்க விளக்கு குடத்தின் வலப்பக்கம் ஒரு நிழலைப் போடுகிறது. வலப்பக்க விளக்கு வந்து அதைத் துடைத்துவிடுகிறது. பாஸ்போர்ட் படத்துக்கு நாங்கள் அப்படித்தான் வைப்போம். அங்கே முகம் அடையாளம் தெரிந்தால் போதும். குடத்துக்கு அது போதாது. ஒரு பொருள் உருண்டையா தட்டையா, சொரசொரப்பா வழவழப்பா என்பதைக் கண் நிழலை வைத்தே படிக்கிறது. நிழலை அழித்த இடத்தில் குடம் ஒரு வட்டத் தட்டாகிவிடும்.

நான் ஃபிலிம் காலத்திலிருந்து பொள்ளாச்சி–பாலக்காடு சாலையோரம் ஸ்டுடியோ வைத்திருப்பவன். சோறு போட்டது கல்யாண வேலைதான். ஆனால் வெளிச்சத்தைக் கற்றுக்கொண்டது பாத்திரத்திடமும் பழத்திடமும். மணப்பெண் பத்து நிமிடம் நிற்பாள், குடம் ராத்திரி முழுக்க நிற்கும். நாம் தடுமாறும்வரை காத்திருக்கும். அதனால் நீங்கள் தேர்ந்தெடுத்த வழி நல்ல வழி.

விளக்கைத் தொடுவதற்கு முன் உங்கள் வீட்டைப் பாருங்கள். நம் பக்கத்து ஓட்டுவீடுகளில் சமையலறைக் கூரையில் ஒன்றிரண்டு கண்ணாடி ஓடு இருக்கும். என் பாட்டி வீட்டில் ஒரே ஒரு ஓடு. காலையில் அடுப்புத் திண்டில் விழும் வெயில் சதுரம் நகர்ந்து நகர்ந்து உச்சி வேளைக்கு அம்மியிடம் வந்து சேரும். பாட்டி அதைப் பார்த்து உலை வைப்பார். அந்தச் சதுரத்துக்குள் ஒரு வெங்காயத்தை வைத்தால் கத்தியால் வெட்டியதுபோல் நிழல் விழும். மேகம் மூடினால் சதுரம் மறைந்துபோகும், ஆனால் வெங்காயத்தின் மேல் வெளிச்சம் இருக்கும். நிழலின் ஓரம் கரைந்து மெத்தென்று ஆகிவிடும். ஓடு அதே ஓடு, வெங்காயம் இருப்பதும் அதே இடம். மாறியது ஒன்றுதான்: வெயிலில் வெங்காயத்துக்கு வெளிச்சம் தந்தது சூரியன் என்ற சிறு புள்ளி, மேகம் மூடியபின் வெளிச்சம் தருவது அந்த ஓட்டின் முழுப் பரப்பு.

சூரியன் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் நம் கண்ணுக்கு அரை டிகிரி அகலம்தான். நிலாவும் ஏறக்குறைய அதே அளவுதான் தெரியும். கையை நீட்டிச் சுண்டுவிரலைக் காட்டினால் நிலா முழுக்க மறைந்துவிடும். அவ்வளவு சிறிய இடத்திலிருந்து வெளிச்சம் வந்தால் நிழல் கடினமாகத்தான் இருக்கும். ஆகவே விளக்கின் வாட்ஸ் பற்றிக் கவலைப்படும் முன், பொருள் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று பாருங்கள். இதற்குக் கணக்கு தேவையில்லை. குடத்தை எடுத்துவிட்டு அது இருந்த இடத்தில் உங்கள் முகத்தை வைத்து விளக்கு இருக்கும் பக்கம் திரும்புங்கள். நான் இன்றும் ஒவ்வொரு படத்துக்கும் செய்வது இது. ஒரு சாண் அகல எல்ஈடி பலகை ஓரடி தூரத்தில் சன்னல்போலத் தெரியும். ஐந்தடி தள்ளிப் போனால் தீப்பெட்டியாகிவிடும். அதே விளக்கு, அதே விலை.

சரி, முதல் சோதனை. கிண்டியைப் பரணில் ஏற்றிவிடுங்கள், அது பிறகு. மண்குடத்தை எடுங்கள். பளபளப்பில்லாத, உருண்டையான பொருள்தான் பொய் சொல்லாமல் வெளிச்சத்தைக் காட்டும். மேசையின் நடுவில் குடம். அதைச் சுற்றி இரண்டடி தூரத்தில் கயிறு பிடித்து சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, கடிகாரம்போலப் பன்னிரண்டு புள்ளி குறியுங்கள். மேசை சின்னதென்றால் தரையிலேயே வைத்துக்கொள்ளலாம். கேமரா 6 மணியில், ட்ரைபாடில், அசையக்கூடாது. ட்ரைபாட் இல்லையென்றால் ஒரு சின்ன அரிசிப் பையை ஸ்டூல் மேல் போட்டு அதில் கேமராவை அழுத்தி வைத்து, டைமரில் எடுங்கள். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 8, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை விளக்கு 3 மணிப் புள்ளியில் இருக்கும்போது ஒருமுறை பார்த்து நிறுத்திவிட்டு, பிறகு எதையும் மாற்றாதீர்கள். அறையின் ட்யூப்லைட்டை அணைத்து, கதவையும் சாத்திவிடுங்கள்.

இப்போது ஒரே விளக்கை 1 மணியில் வைத்து ஒரு படம், 2 மணியில் ஒரு படம் என்று பன்னிரண்டு எடுங்கள். 6 மணிக்கு விளக்கைக் கேமராவுக்கு நேர்மேலே பிடியுங்கள். மேசை மட்டத்தில் 12 மணிக்கு விளக்கு படத்துக்குள் தெரியும். அதைக் குடத்துக்குப் பின்னால் ஒளித்துக்கொள்ளலாம். இந்தச் சுற்றை மூன்று உயரத்தில் செய்யுங்கள்: மேசை மட்டம், காலை ஒன்பது மணிச் சூரியன் சாய்வு, ஏறக்குறைய உச்சி. மொத்தம் 36 படம். பழைய காலத்தில் ஒரு ஃபிலிம் ரோல். அன்றைக்கு ஒரு ரோலை இப்படிச் செலவழிக்க எனக்கு மனம் வராது, கையில் காசும் இருக்காது. உங்களுக்கு அந்தத் தடையில்லை.

எடுத்தபின் வரிசையாக ஓட்டிப் பாருங்கள். 6 மணிப் படம் உங்கள் பழைய படங்கள் மாதிரியே சப்பையாக இருக்கும். 3 மணியிலும் 9 மணியிலும் குடம் பாதி வெளிச்சம் பாதி இருட்டு என்று பிளந்து நிற்கும். குயவர் சக்கரத்தில் விரல் ஓடிய கோடுகள் எழுந்து வரும். 10, 11 மணிக்குப் போகும்போது வெளிச்சம் குடத்தின் தோளைத் தொட்டு, வயிற்றில் சரிந்து, நம் பக்கம் வருவதற்குள் மங்கிவிடும். உணவுப் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் நிற்பது அங்கேதான். எனக்கும் 10 மணி, நடு உயரம்தான் பிடித்த இடம். அதற்காக அங்கேயே குடியிருக்கவும் கூடாது. 12 மணிப் படங்கள் இருட்டாகத்தான் வரும். விளிம்பில் மட்டும் ஒரு கோடு ஒளிரும். அழித்துவிடாதீர்கள். நுங்குக்கு அந்த இடம் வேண்டும்.

அடுத்து தூரம். கடிகாரத்தில் ஒரே இடத்தை வைத்துக்கொண்டு விளக்கை மட்டும் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. பள்ளியில் படித்ததுதான், ஆனால் இந்த மேசையில்தான் அதற்கு உயிர் வரும். விளக்கு குடத்துக்கு ஓரடியில் இருக்கட்டும். பின்சுவர் குடத்துக்கு அப்பால் மூன்றடி, அதாவது விளக்கிலிருந்து நாலடி. சுவருக்குக் கிடைப்பது குடத்துக்குக் கிடைப்பதில் பதினாறில் ஒரு பங்கு. வெள்ளையடித்த சுவரும் இருட்டுக்குள் போய்விடும். இப்போது விளக்கை மூன்றடி பின்னால் இழுத்து, குடத்துக்கு நாலடி, சுவருக்கு ஏழடி என்று வையுங்கள். சுவருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும். சுவரின் சுண்ணாம்பு வெடிப்புகூடத் தெரியும். பின்னணித் துணி எதுவும் மாற்றாமல், விளக்கின் தூரத்தால் மட்டும் ராத்திரியையும் பகலையும் செய்துவிடலாம். கறுப்புத் துணிக்குக் கடைக்கு ஓடும் முன் இதைச் செய்து பாருங்கள்.

அப்புறம் நிழல் பக்கம். பலரும் முதலில் வெள்ளைத் தெர்மாகோலைக் கொண்டுவந்து நிழலை நிரப்பப் பார்ப்பார்கள். நான் முதலில் கறுப்பை வைக்கச் சொல்வேன். நம் வீட்டு அறைகள் சின்னவை, சுவரெல்லாம் வெள்ளை. ஒரு விளக்கு போட்டாலும் நாலு சுவரும் அதைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். நிழல் எப்போதும் சாம்பல் பூத்துத்தான் இருக்கும். நிழல் விழும் பக்கத்தில், படச்சட்டத்துக்கு வெளியே, ஒரு கறுப்புக் குடையை விரித்து வையுங்கள். தாத்தா வைத்திருக்கும் வளைந்த பிடிக் குடையே போதும். குடத்தின் அந்த விளிம்பு இறுகி அடர்த்தியாவதைக் கேமராத் திரையில் பார்க்கலாம். பிறகு குடைக்குப் பதில் தெர்மாகோல்; பிறகு ஒரு கையளவு வெள்ளைக் காகிதம்; பிறகு பிஸ்கட் பொட்டலத்தின் வெள்ளிப் பக்கம். நாலுக்கும் நாலு படம். எந்த நிழல் அந்தக் குடத்துக்குச் சரி என்று உங்கள் கண்ணே சொல்லும்.

தரையையும் கவனியுங்கள். நம் பக்கத்துச் சிவப்புச் சிமென்ட் தரை தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி இருக்கும். அதன் மேல் விழும் வெளிச்சம் சிவப்பை எடுத்துக்கொண்டு மேலே ஏறும். மேசை விளிம்பில் வைத்த பாத்திரத்தின் அடிவயிறு செம்மையடித்துவிடும். வாசலுக்கு வெளியே வாழை நின்றால் பச்சை உள்ளே வரும். கேமராவில் நிறத்தைத் திருத்த உட்கார்ந்து மாளாது. தரையில் ஒரு வெள்ளைத் துணி விரித்தால் வேலை முடிந்தது.

1930-இல் அமெரிக்காவில் எட்வர்ட் வெஸ்டன் ஒரு குடைமிளகாயைப் படம் எடுத்தார். மிளகாய் வரிசையில் 30 என்று எண்ணிட்ட படம் அது; இன்றும் ஸ்டில் லைஃப் என்றால் பலர் நினைவுக்கு முதலில் வரும் படங்களில் ஒன்று. அதற்குப் பெரிய விளக்கு எதுவும் கிடையாது. மிளகாயை ஒரு தகரப் புனலின் வாய்க்குள் வைத்தார். மேலிருந்து வந்த வெளிச்சத்தைப் புனலின் வளைந்த உட்புறம் எல்லாப் பக்கத்திலிருந்தும் மிளகாயின் மடிப்புகளுக்குள் மெதுவாகத் திருப்பி அனுப்பியது. எண்ணெய் ஊற்றும் புனல் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. ஒரு நெல்லிக்காயோ பெரிய மிளகாயோ அதற்குள் வைத்து, கண்ணாடி ஓட்டுக்குக் கீழே கொண்டுபோய்ப் பாருங்கள். நான் முதன்முதலில் செய்தபோது அரை நாள் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

இப்போது கிண்டியைப் பரணிலிருந்து இறக்கலாம். இதில்தான் நான் பட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஸ்டுடியோ ஆரம்பித்த புதிதில் எல்லைப்பக்கத்துப் பாத்திரக்கடை ஒன்று விலைப்பட்டியல் அச்சடிக்க இருபது பாத்திரம் எடுத்துத் தரச் சொன்னது. உருளி, நிலவிளக்கு, கிண்டி, சொம்பு. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று அனுப்பினார்கள். இரண்டு விளக்கு வைத்து எடுத்தேன், உங்களை மாதிரியே. பிரிண்ட் வந்தது. ஒவ்வொரு கிண்டியின் வயிற்றிலும் இரண்டு வெள்ளைப் புள்ளி, நடுவில் ட்ரைபாடோடு நான், என் நீலச் சட்டை, பின்னால் கதவு, கதவுக்கு வெளியே சாலை. கடைக்காரர் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுபடி எடுக்க வேண்டிய ஃபிலிம் என் கைக்காசு. எத்தனை கோணம் மாற்றினாலும் நான் அதில் இருந்தேன்.

விடை கிணற்றடியில் கிடைத்தது. பாட்டி கிண்டியைக் கழுவித் துவைகல் மேல் கவிழ்க்காமல் வைத்துவிட்டுப் போயிருந்தார். பக்கத்துக் கொடியில் முண்டு, அதான் வெள்ளை வேட்டி, காய்ந்துகொண்டிருந்தது. கிண்டியின் ஒரு பக்கம் பால் ஊற்றியதுபோல் மேலிருந்து கீழ்வரை ஒரே வெண்மை. மறுபக்கம் பாசி பிடித்த கிணற்றுச் சுவரின் கருமை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கிண்டியின் வளைவு அவ்வளவு தெளிவாக இருந்தது. அன்றைக்குப் புரிந்தது: பளபளக்கும் உலோகத்தை யாரும் படம் எடுப்பதில்லை. அது எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அதைத்தான் எடுக்கிறோம். ஒளி எந்தச் சாய்வில் போய் மோதுகிறதோ அதே சாய்வில் திரும்பும். தட்டையான தட்டு என்றால் அது காட்டும் இடத்தை ஓரளவு கணக்கிட்டுவிடலாம். கிண்டியின் வயிறு உருண்டை. ஏறக்குறைய அறை முழுவதும் அதில் இருக்கும்.

ஆகவே கிண்டிக்கு வெளிச்சம் போட வேண்டாம். அது பார்ப்பதற்கு ஒரு நல்ல சுவரைக் கட்டிக்கொடுங்கள். சலவை செய்த ஒற்றை முண்டை, கஞ்சி அதிகம் இல்லாமல், மேசையின் இடப்பக்கத்திலிருந்து மேல்வழியாக ஒரு அரைக் கூடாரம்போலக் கட்டுங்கள். கரை கிண்டிக்குள் தெரியாதபடி மடித்துக்கொள்ள வேண்டும், பொன்சரிகைக் கசவுக் கரை என்றால் இன்னும் கவனம். விளக்கு முண்டுக்கு வெளியே, இரண்டடி தள்ளி. அப்போது விளக்கின் புள்ளி மறைந்து முழுத் துணியும் ஒளிரும். விளக்கைத் துணிக்கு அருகே கொண்டுபோனால் நடுவில் வெளிச்சம் கூடி ஓரம் மங்கும்; கிண்டியில் அது மெல்ல மாறும் சாயலாக வரும், அதுவும் அழகு. டபுள் முண்டு என்றால் வெளிச்சம் இன்னும் மென்மையாகிக் குறையும், ஷட்டர் நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

முழுக் கூடாரமாக நாலு பக்கமும் மூடிவிடாதீர்கள். சுற்றிலும் வெள்ளையானால் கிண்டி பிளாஸ்டிக்காகிவிடும். உலோகம் என்று தெரியக் கறுப்பு வேண்டும். வலப்பக்கம் அந்தக் குடையைக் கொண்டுவாருங்கள். ஒரு கறுப்பு சார்ட் பேப்பரை இரண்டு விரல் அகலத்தில் நீளமாக வெட்டி முண்டின் உட்பக்கம் ஊசி குத்தித் தொங்கவிட்டால், கிண்டியின் கழுத்தில் ஒரு கருங்கோடு இறங்கும். அதை ஒரு விரல் இந்தப் பக்கம், ஒரு விரல் அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டே திரையைப் பாருங்கள். இந்த ஒரு வேலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும், போகட்டும். கேமராவைத் தள்ளி வைக்கிற அளவுக்கு அதில் நீங்கள் சின்னதாகத் தெரிவீர்கள். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு அதன் வழியாக எடுத்தால் அதுவும் மறையும். போலரைசர் ஃபில்ட்டர் வாங்கினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். இலை, தண்ணீர், கண்ணாடி, மாம்பழத் தோல் இவற்றின் பளபளப்பை அது குறைக்கும். வெறும் உலோகத்தின் மேல் சாதாரண வெளிச்சத்தில் அது வேலை செய்யாது.

மாம்பழத்துக்கு வாருங்கள். முதலமடைத் தோட்டத்துப் பழம் வீட்டுக்கு வந்ததும் கழுவி எண்ணெய் தடவிப் பளபளக்கவைத்து எடுக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பறித்த பழத்தின் மேல் மெல்லிய வெண்பூச்சு இருக்கும், தோலில் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். பழம் மரத்திலிருந்து வந்தது என்பதற்கு அவைதான் சாட்சி. 9 மணி, தாழ்ந்த உயரம், முண்டு வழியாக வந்த வெளிச்சம். புள்ளிகள் ஒவ்வொன்றாக எழும். பழத்தின் மேல் விழும் மினுக்கத்தின் வடிவத்தையும் பாருங்கள். சன்னல் வெளிச்சமானால் அது நாற்கட்டமாக இருக்கும், விளக்குப் பலகையானால் பலகை வடிவம். நாற்கட்ட மினுக்கம் பழம் ஒரு வீட்டுக்குள் இருக்கிறது என்று சொல்லும். அதனால்தான் பழத்துக்கு நான் பெரும்பாலும் திண்ணைக் கதவைத் திறந்துவிட்டு, விளக்கே போடாமல் எடுப்பேன்.

நுங்குக்கு 12 மணி. கண்ணாடி மாதிரியான பொருளுக்கு முன்னாலிருந்து வெளிச்சம் போட்டால் வெள்ளைக் கட்டியாகத்தான் தெரியும். பின்னாலிருந்து, கொஞ்சம் கீழிருந்து வந்தால் உள்ளிருக்கும் நீர் ஒளிரும், தோலின் பழுப்பு விளிம்பு கோடாக நிற்கும். மேசைக்குப் பதில் ஒரு கண்ணாடிப் பலகையை இரண்டு செங்கல் மேல் வைத்து, அடியில் பட்டர் பேப்பர் ஒட்டி விளக்கைக் கீழே வைத்துப் பாருங்கள். வாழையிலைக்கும் இதே வழி, நரம்பெல்லாம் தெரியும். கண்ணாடிக் குப்பிக்கு இரண்டு முறை உண்டு. பின்னால் பட்டர் பேப்பரை ஒளிரவைத்து எடுத்தால் குப்பியின் விளிம்பு கறுப்புக் கோடாக வரும். அதே ஒளிரும் காகிதத்தின் நடுவில், படச்சட்டம் நிறையும் அளவுக்கு மட்டும் ஒரு கறுப்பு அட்டையை வைத்தால் எல்லாம் தலைகீழாகும்: இருட்டில் வெள்ளைக் கோட்டால் வரைந்த குப்பி. ஐந்து நிமிடத்தில் இரண்டையும் எடுத்துவிடலாம்.

நம் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு ஸ்டில் லைஃப் புதிய கலை இல்லை. சித்திரை முதல் நாள் விடியலில் நம் வீட்டில் கனி வைப்போம், பக்கத்து மலையாள வீட்டில் விஷுக்கணி. சில ஆண்டில் இரண்டும் ஒரே நாள், சில ஆண்டில் ஒரு நாள் முன்பின். உருளி நிறைய அரிசி, மஞ்சள் வெள்ளரி, மாங்காய், பலா, தேங்காய் மூடி, நாணயம், கொன்றைப்பூ, புதுத்துணி, வால்கண்ணாடி (கைப்பிடி வைத்த கண்ணாடி), பக்கத்தில் எரியும் விளக்கு. முந்தின இரவே ஒவ்வொன்றையும் எந்த இடம் என்று யோசித்து வைத்துவிட்டு, கண்ணை மூடி அழைத்துவந்து அந்த ஒரே விளக்கு வெளிச்சத்தில் காட்டுகிறார்களே, அதைவிட அக்கறையாக அடுக்கிய ஸ்டில் லைஃப் நான் பார்த்ததில்லை. அதை எடுக்கப் போனவர்கள் பெரும்பாலும் ஃப்ளாஷ் போட்டுக் கெடுத்துவிடுகிறார்கள்.

அடுத்த சித்திரைக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரு ராத்திரி நீங்களே அடுக்கிப் பயிற்சி செய்யலாம். அறையில் வேறு விளக்கே கூடாது. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள், எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். எண்ணெய்த் திரியின் நிறம் சுமார் 1900 கெல்வின். பகல் வெளிச்சம் 5500 பக்கம். கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் விட்டால் அந்தப் பொன்னிறத்தைக் குறையென்று நினைத்து முடிந்தமட்டும் வெளுக்கப் பார்க்கும். கையால் 2800, 3000 என்று வைத்தால் பொன் பொன்னாகவே இருக்கும். ஐஎஸ்ஓ 400, எஃப் 4, கால் நொடியில் தொடங்கி, படத்தைப் பார்த்து மாற்றுங்கள். சுடர் ஆடினால் நுனி கரையும். எனக்கு அது பிடிக்கும், வேண்டாமென்றால் ஐஎஸ்ஓவை ஏற்றி ஷட்டரைக் குறையுங்கள். விளக்கின் தூரத்துக்கும் அதே நாலில் ஒரு பங்குக் கணக்குதான், ஆகவே திரியை உருளிப் பக்கம் நாலு விரல் நகர்த்தினாலே படம் மாறும்.

கொன்றைப்பூவில் ஒரு சிக்கல் உண்டு. அந்த மஞ்சள் கேமராவில் எளிதில் நிரம்பி வழிந்துவிடும். இதழும் நரம்பும் தெரியாமல் ஒரு மஞ்சள் திட்டாகிவிடும். வெளிச்ச அளவு சரியென்று கேமரா சொன்னாலும் நம்பாமல், சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை (கேமராத் திரையில் வரும் வெளிச்ச வரைபடம்) பார்த்து, சிவப்பு அதன் வலப்பக்க ஓரத்தில் முட்டாமல் நிற்கும்வரை ஷட்டர் நேரத்தைக் குறையுங்கள். வால்கண்ணாடியில் என்ன தெரிகிறது என்று கடைசியாக ஒருமுறை பாருங்கள். அது கூரையைக் காட்டினால் படத்தில் ஓர் இருட்டு ஓட்டை. சுடரைக் காட்டுமாறு சற்றுச் சாய்த்தால் படத்துக்கு இரண்டாவது விளக்கு.

இன்னும் ஆசையிருந்தால் டார்ச்சால் வரையலாம். முழு இருட்டு, ட்ரைபாட், ஐஎஸ்ஓ 100, எஃப் 11, 30 நொடி. ஷட்டர் திறந்ததும் சின்ன டார்ச்சை, முனையில் கறுப்புக் காகிதத்தைச் சுருட்டி ஒட்டிக்கொண்டு, பொருளின் மேல் தடவுவதுபோல் நகர்த்துங்கள். குடத்தின் தோளுக்கு 5 நொடி, பின்சுவரில் ஒரு வீச்சு, மாம்பழத்துக்குப் பக்கவாட்டில் 3 நொடி. டார்ச் லென்ஸைப் பார்க்கக்கூடாது, கை ஓர் இடத்தில் நிற்கக்கூடாது. ஒரு படம்போல் இன்னொன்று வராது. பத்தில் ஒன்று தேறினால் அது வேறு எந்த விளக்கிலும் வராத படமாக இருக்கும், ஏனென்றால் ஒரே பொருளுக்கு ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு சூரியன் வைத்திருப்பீர்கள்.

உங்கள் எல்ஈடி பற்றி இரண்டு விஷயம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். படத்தில் பட்டை பட்டையாக விழுந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள், போய்விடும். பெட்டியில் சிஆர்ஐ என்று ஓர் எண் இருக்கும், விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு அது. 95-க்குப் பக்கம் இருந்தால் மாம்பழச் சிவப்பு சரியாக வரும், 80 என்றால் சருமமும் பழமும் வெளிறும். போனில் எடுக்கும்போது திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள், இருட்டையும் வெளிச்சத்தையும் தானாகச் சமப்படுத்தும் எச்டிஆரை அணைத்துவிடுங்கள். நீங்கள் பாடுபட்டு உண்டாக்கிய நிழலை அதுதான் தானாகத் திறந்துவிடும்.

காசு செலவழித்தே ஆக வேண்டுமென்றால் ஆடாத ட்ரைபாட் ஒன்று, துணி பிடிக்கும் கிளிப் அரை டஜன். அவ்வளவுதான். ஆடி மாதக் காற்றில் சன்னல் பக்கம் முண்டு கட்டாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உள்ளே வந்தால் துணி பாய்மரப் பாயாகி, கிண்டியோடு சேர்ந்து விழும். முண்டின் கீழ்முனையில் கல் கட்டிக்கொண்டு உள்ளறையில் எடுங்கள்.

ஒரு நோட்டில் ஒவ்வொரு படத்துக்கும் மணி, உயரம், தூரம் மூன்றையும் எழுதுங்கள். மண்குடத்தின் 36 படமும் முடிந்ததும், அதில் உங்களுக்கு மிகவும் பிடித்த இரண்டையும் பிடிக்காத இரண்டையும் அந்த எண்களோடு எனக்கு அனுப்புங்கள். கிண்டிக்கு எந்தப் பக்கம் முண்டு கட்டுவது என்பதை அந்த நாலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.